இலையிலிருந்து தொடங்குங்கள்: அந்துப்பூச்சிப் புழுக்களுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் முறை

வாசலில் நிற்கும் நந்தியாவட்டைச் செடியின் அடியில், காலையில் பெருக்கிவிட்ட தரையில், மாலைக்குள் மிளகளவு கரும்பச்சை உருண்டைகள் சிதறிக் கிடந்தால், நேர் மேலே ஒரு பெரிய புழு இருக்கிறது என்று பொருள். அந்தப் புழுக்கையில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் நீளவாக்கில் வரிப்பள்ளங்கள் ஓடுவது தெரியும். ஈரமாக இருந்தால் புழு இன்னும் அந்தக் கிளையை விட்டு நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தவுடன் அது கண்ணில் படாது. இலையின் பச்சையும் புழுவின் பச்சையும் ஒன்றாகவே இருக்கும். நுனி இலைகள் காம்பு வரை தின்னப்பட்ட கிளையைக் கண்டுபிடித்து, அதிலேயே ஐந்து நிமிடம் பார்வையை நிறுத்தினால், இலை என்று நினைத்திருந்த ஒன்று மெல்ல அசையும்.

அதன் பிறகு பலரும் செய்வது ஒன்றுதான். கைபேசியை எடுத்துப் புழுவை மட்டும் அருகிலிருந்து படமெடுப்பார்கள்; பின் நூலிலோ இணையத்திலோ அதைப் போன்ற படத்தைத் தேடுவார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் செடி, அடுத்து உடலமைப்பு, அதன் பிறகே படம். இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வளர்ந்த பூச்சியின் படம் கிடைக்கும். புழுவின் படம் கிடைப்பது அரிது. ஆகவே நீங்கள் தேடும் படம் எந்த நூலிலும் இல்லாமலே போகக்கூடும். அப்போது மிகவும் ஒத்துத் தெரியும் வேறொரு படத்தின் பெயரை எடுத்து வைத்துவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அப்படித்தான் நேர்கின்றன.

அது அந்துப்பூச்சியின் புழுதானா?

புழுபோல் இருப்பவை எல்லாம் அந்துப்பூச்சியாகவோ வண்ணத்துப்பூச்சியாகவோ மாறுபவை அல்ல. முள்ளங்கி, கடுகுச் செடிகளில் காணும் கருமையான சிறு புழு, தொட்டவுடன் சுருண்டு கீழே விழுந்தால், அது குளவிக் கூட்டத்தைச் சேர்ந்த ரம்ப ஈயின் புழுவாக இருக்கலாம். ஐயம் தீரக் கால்களை எண்ண வேண்டும். தலையை அடுத்த மூன்று கண்டங்களில், அதாவது உடல் வளையங்களில், மூன்று இணை உண்மைக்கால்கள் இருக்கும். அவை கூரியவை, கணுக்கள் உடையவை. வயிற்றுப் பகுதியில் இருக்கும் சதைப்பற்றான குட்டைக் கால்களைப் போலிக்கால்கள் என்கிறோம். அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்குப் வால்முனையான பின்னந்தண்டையில் உள்ள இணையையும் சேர்த்துப் போலிக்கால்கள் ஐந்து இணைக்கு மேல் இருப்பதில்லை என்பதை நடைமுறை விதியாகக் கொள்ளலாம். கடுகு ரம்ப ஈயின் புழுவுக்கோ எட்டு இணை. தலையின் பக்கத்துக்கு ஒன்றாகத் தெளிவான ஒற்றைக் கண்புள்ளி இருப்பதும் ரம்ப ஈயின் அடையாளம்; அந்துப்பூச்சிப் புழுவுக்குப் பக்கத்துக்கு ஆறு நுண்கண்கள் கொத்தாக அமைந்திருக்கும்.

அந்துப்பூச்சிப் புழுவையும் வண்ணத்துப்பூச்சிப் புழுவையும் பிரிக்க இப்படி ஒற்றை விதி எதுவும் கிடையாது. மயிர் இருந்தால் அந்து, இல்லையென்றால் வண்ணத்துப்பூச்சி என்று சொல்வது தவறு. நந்தியாவட்டையில் நாம் தேடிக்கொண்டிருக்கும் புழுவே வழவழப்பானது. எனவே நம் தோட்டங்களில் அடிக்கடி வரும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களை முதலில் பழகிக்கொண்டு, அவற்றைக் கழித்துவிடுவது எளிய வழி. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இருக்கும் பச்சைப்புழுவைச் சீண்டினால், தலைக்குப் பின்னிருந்து நாற்றமடிக்கும் இரட்டைக் கொம்பு வெளியே நீண்டு மீண்டும் உள்ளே மறையும். அது எலுமிச்சை அழகிக் கூட்டத்தைச் சேர்ந்த வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கில் வரியோடிய உடலில் மூன்று இணைக் கருஞ்சதை இழைகளோடும், அரளியில் நான்கு இணை இழைகளோடும் இருப்பவையும் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களே. இந்தச் சிலவற்றை அறிந்துவிட்டால் வீட்டுத் தோட்டத்துக் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

செடியைக் குறித்துக்கொள்வது

புழுவின் பெயரில் பாதி அது தின்னும் இலையிலேயே இருக்கிறது. அரளியும் நந்தியாவட்டையும் வெவ்வேறு செடிகளாகத் தோன்றினாலும், கிள்ளினால் பால் வடியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றைத் தின்னும் பெரிய பச்சைப்புழுவுக்கு வாலருகே ஒரு கொம்பு இருந்தால், அது பெரும்பாலும் அரளி ஹாக்மாத் என்ற அந்துப்பூச்சியின் புழுவாக இருக்கும்; அதன் அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நேரி. களாச் செடியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அங்கே கொம்புப்புழுவைக் கண்டால், நெஃபெலே என்ற வேறொரு பேரினத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். இவ்வாறு செடியின் பெயர் தெரிந்தவுடன், ஆயிரக்கணக்கில் இருந்த பட்டியல் பத்துக்குள் சுருங்கிவிடுகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. புழு இருந்த செடி வேறு, அது தின்ற செடி வேறாக இருக்கலாம். கூடு கட்ட இடம் தேடி அலையும் முதிர்ந்த புழு சுவரிலும் துணிக்கொடியிலும்கூட ஏறும். ஆகையால் அது தின்பதை நேரில் பார்த்தீர்களா, அருகில் கடித்த இலை இருந்ததா என்பதைக் கட்டாயம் எழுதிவைக்க வேண்டும். அடுத்தது, எதையும் தின்னும் புழுக்களும் உண்டு. புகையிலை வெட்டுப்புழு ஆமணக்கு, நிலக்கடலை, பருத்தி, முட்டைக்கோசு என்று வேறுபாடின்றித் தின்னும். அத்தகைய புழுவிடம் செடி எதையும் சொல்லாது. உடலையே பார்க்க வேண்டும்.

செடியின் பெயர் தெரியாவிட்டாலும் கவலையில்லை. இலைகள் தண்டில் எதிரெதிராக உள்ளனவா மாறிமாறி உள்ளனவா என்பது தெரியும்படி ஒரு கிளை முழுவதையும், பூவோ காயோ இருந்தால் அதையும் படமெடுத்து வையுங்கள். செடியை அறிந்தவர்கள் புழுவை அறிந்தவர்களைவிட நம்மிடையே அதிகம்.

உடலைப் படிப்பது

இனி போலிக்கால்களை இன்னொரு முறை எண்ணுங்கள். இம்முறை எண்ணிக்கையோடு இடமும் முக்கியம். வயிற்றின் நடுவில் நான்கு இணை, பின்னந்தண்டையில் ஒரு இணை என்பது பொது அமைப்பு. நடுவில் ஒன்றுமே இல்லாமல் பின்பகுதியில் மட்டும் இரண்டு இணை இருந்து, ஜாண் அளப்பதுபோல் உடலை வளைத்து நடந்தால், அது ஜியோமெட்ரிடே என்னும் அளவைப்புழுக் குடும்பம். நடுவில் உள்ளவற்றில் முன்னிணைகள் சிறுத்தோ இல்லாமலோ போய், அரைகுறையாக வளைந்து நடப்பவற்றை நம் உழவர்கள் காவடிப்புழு என்கிறார்கள். ஆமணக்கில் வரும் காவடிப்புழு இதற்கு நல்ல சான்று. நடக்கும்போது முதுகு காவடித்தண்டு போல் வளைவதைப் பார்த்தவர்கள் இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேட மாட்டார்கள். கால்களே தெரியாமல் அடிப்பகுதி முழுவதும் பசைபோல் ஒட்டி நகர்ந்தால், அது நத்தைப்புழு. தென்னை ஓலையிலும் மாவிலையிலும் பச்சை நிறத்தில் முள்கொத்துகளோடு இருக்கும் நத்தைப்புழுவைத் தொட்டவர்கள் அந்த எரிச்சலை மறப்பதில்லை.

கொம்பு அடுத்த அடையாளம். வயிற்றின் எட்டாம் கண்டத்தின் மேல், வாலுக்குச் சற்று முன்பாக ஒற்றைக் கொம்பு நின்றால், பெரும்பாலும் ஹாக்மாத் குடும்பம். முசுக்கொட்டைப் பட்டுப்புழுவுக்கும் சிறு கொம்பு உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கொம்பின் வடிவத்தையும் உற்றுப் பார்க்க வேண்டும். எள், கத்தரிச் செடிகளில் வரும் மண்டையோட்டு ஹாக்மாத்தின் புழுவுக்குக் கொம்பு சொரசொரப்பாக, கீழ்நோக்கி வளைந்து நுனியில் மேல்நோக்கித் திரும்பியிருக்கும். உடலின் இரு பக்கமும் சாய்வான பட்டைகள் ஓடும். அரளி ஹாக்மாத்தின் முதிர்ந்த புழுவுக்குக் கொம்பு குட்டையாக, மஞ்சள் கலந்த செம்மையாக இருக்கும். மார்பின் மூன்றாம் கண்டத்தில் கருவளையம் சூழ்ந்த நீலவெண் கண்புள்ளிகள் இரண்டு உண்டு. சீண்டினால் அது தலையை உள்ளிழுத்து அப்பகுதியை உப்பவைக்கும். அப்போது அவை உண்மைக் கண்களாகவே நம்மை முறைக்கும்.

கம்பளிப்பூச்சி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை பல குடும்பங்களைச் சேர்ந்தவை. மயிர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கண்டத்திலும் உள்ள புடைப்புகளிலிருந்து ஏறத்தாழ ஒரே சீராகக் கொத்துக் கொத்தாகக் கிளம்பினால், அது புலி அந்துகளின் கூட்டம். கோடைமழைக்குப் பின் நிலக்கடலைக் காட்டில் அணியணியாக வரும் சிவப்புக் கம்பளிப்பூச்சி இதில் அடங்கும். முதுகின் முன்பகுதியில் பல்துலக்கி போல் சமமாக வெட்டிய மயிர்க்கற்றைகளும், வயிற்றின் ஆறாம், ஏழாம் கண்டங்களின் மேல் சிறு நிறப்பொட்டுகள் போன்ற சுரப்பிகளும் இருந்தால், அது லைமான்ட்ரினே என்னும் துணைக்குடும்பம். முருங்கை மரத்தின் அடிமரத்தில் பட்டையை மறைத்துக் கூட்டமாக ஒண்டியிருப்பவை யூப்டெரோட்டே என்னும் வேறொரு குடும்பத்துப் பேரினம். இவை எவற்றையும் கையால் தொட வேண்டாம், குச்சியால் நகர்த்துங்கள். மயிர் தோலில் குத்திவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் பட்டையை வைத்து எடுத்து, சோப்பால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நிறத்தை நான் கடைசியில் வைக்கிறேன். பச்சைக் காய்ப்புழு பெயரில் மட்டுமே பச்சை. பழுப்பு, இளஞ்சிவப்பு, கருமை என எந்த நிறத்திலும் வரும். நிறத்தைவிட, எந்தக் கண்டத்தில் எந்தப் புள்ளி என்பதே உறுதியான சான்று. 2018இல் கர்நாடகத்தில் முதன்முதலாக அறியப்பட்டு, அதே பருவத்தில் நம் மக்காச்சோளக் காடுகளையும் எட்டிய அமெரிக்கன் படைப்புழுவை உழவர்கள் இப்போது நொடியில் அடையாளம் காண்கிறார்கள். நெற்றியில் தலைகீழான ஒய் எழுத்து, வயிற்றின் எட்டாம் கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் என்ற இரண்டையே அவர்கள் பார்க்கிறார்கள். நிறத்தை யாரும் கேட்பதில்லை.

படமெடுத்தல்

ஒரே படத்தில் எல்லாம் வராது. பக்கவாட்டில் தலை முதல் வால் வரை ஒன்று. அதில் போலிக்கால்களும் சுவாசத்துளைகளும் தெரிய வேண்டும். நேர் மேலிருந்து ஒன்று. தலையை முன்னிருந்து ஒன்று. அதோடு செடியின் படமும் அளவுகோல் வைத்த ஒரு படமும். அழகான படத்துக்காகப் பலரும் மேலிருந்து மட்டுமே எடுக்கிறார்கள். கால்களை எண்ண முடியாத படம் அடையாளத்துக்குப் பாதிப் பயன்கூடத் தருவதில்லை. உச்சிவெயிலில் எடுத்தால் வழவழப்பான தோலில் ஒளி பட்டுக் கோடுகள் மறைந்துவிடும் என்பதால், குடையை விரித்து நிழல் கொடுத்தால் போதும். இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு செல்வது இன்னும் நல்லது; பகலில் இலையடியில் ஒளிந்திருப்பவை அப்போது வெளியே வந்து தின்றுகொண்டிருக்கும்.

நூலையும் இணையப் படங்களையும் பயன்படுத்துதல்

பிரித்தானியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் புழுக்களுக்கென்றே சிறந்த கையேடுகள் இருக்கின்றன. அவற்றை வாங்கிப் படியுங்கள், ஆனால் குடும்பத்தை அறிவதற்கு மட்டும். இனத்தின் பெயரை அங்கிருந்து எடுக்காதீர்கள். நமக்குப் பழைய நூல்களில் பயன்படுவது, பெல், ஸ்காட் இருவரும் எழுதி 1937இல் 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்' வரிசையில் வெளிவந்த ஹாக்மாத் தொகுதி. கார்வார் பகுதியில் வனத்துறைப் பணியில் இருந்த பெல், தாமே புழுக்களை வளர்த்துப் பார்த்தவர். அதனால் புழு, கூட்டுப்புழு, உணவுச்செடி மூன்றையும் பற்றிய குறிப்புகள் அதில் நிறைந்துள்ளன. படத்தைத் தேடாமல் அதன் விவரணையைப் படித்துக்கொண்டே உங்கள் புழுவைப் பார்த்தால், நீங்கள் கவனிக்கத் தவறிய ஒன்றை அது சுட்டிக்காட்டும்.

பழைய நூல்களில் பெயர்கள் மாறியிருக்கும் என்பதை எதிர்பார்த்தே திறக்க வேண்டும். நந்தியாவட்டையை எர்வடாமியா என்று தேடினால்தான் சில பட்டியல்களில் கிடைக்கும். இன்று அது டபெர்னேமொண்டானா. புழுக்களின் பெயர்களும் அப்படித்தான். நம் உழவர்கள் இன்றும் புரோடீனியா என்று சொல்லும் வெட்டுப்புழு, அறிவியலில் ஸ்போடாப்டெராவாக மாறிப் பல காலமாகிறது. பழைய பேரினப் பெயர் ஊர்ப்பேச்சில் தங்கிவிட்ட விந்தை அது.

பயிர்களில் வருவது என்றால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பயிர்வாரியாகப் படங்களும் அடையாளங்களும் தமிழிலேயே உள்ளன. முதலில் அங்கே பாருங்கள். காட்டுச்செடி என்றால், இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் உணவுச்செடித் தரவுத்தளத்தில் செடியின் அறிவியல் பெயரைக் கொடுத்து, அதைத் தின்னும் இனங்களின் பட்டியலைப் பெறலாம். அந்தப் பட்டியலில் தென்னிந்தியாவில் இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னர் மாத்ஸ் ஆஃப் இந்தியா தளத்திலும் ஐநேச்சுரலிஸ்டிலும் அவற்றின் புழுப்படங்களைத் தேட வேண்டும். ஐநேச்சுரலிஸ்டில் வாழ்நிலை என்பதில் புழுவை மட்டும் தெரிவுசெய்யும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாவிட்டால் இறக்கை விரித்த பூச்சிகளே திரை முழுவதும் வரும். அங்கே ஆய்வுத் தரம் என்று முத்திரை பெற்ற பதிவு, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒத்துக்கொண்டார்கள் என்பதையே காட்டுகிறது. பதிவிட்டவர் அந்தப் புழுவை வளர்த்துப் பூச்சி வெளிவந்த படத்தையும் இணைத்திருந்தால், அந்த ஒரு பதிவு, ஒருவரையொருவர் பார்த்து ஒத்துக்கொண்ட பத்துப் பதிவுகளைவிட நம்பத்தக்கது.

படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லும் செயலிகளையும் நான் பயன்படுத்துகிறேன், ஒரு வரம்புக்குள். முன்பொரு முறை முருங்கை மரத்துப் புழுவை வெள்ளைத் தாளில் வைத்துப் படமெடுத்துக் கொடுத்தபோது, அப்படியொரு செயலி வட அமெரிக்காவில் மட்டும் வாழும் ஓர் இனத்தின் பெயரைத் தயங்காமல் சொன்னது. மரத்தையும் ஊரையும் நான் மறைத்துவிட்டேன். அதன் மீது குறை சொல்ல எனக்கு இடமில்லை.

பருவத்துக்குப் பருவம் மாறும் உருவம்

கையேடுகளில் வரையப்படுவது பெரும்பாலும் கடைசிப் பருவத்துப் புழு. முட்டையிலிருந்து வந்தது முதல் நான்கைந்து முறை தோலுரிக்கும் புழு, ஒவ்வொரு முறையும் உடுப்பை மாற்றிக்கொள்கிறது. அரளி ஹாக்மாத்தின் குஞ்சுப்புழு மஞ்சளாக, உடலுக்குப் பொருந்தாத நீளத்தில் மயிரிழை போன்ற கருங்கொம்போடு இருக்கும். கண்புள்ளிகள் இன்னும் தோன்றியிரா. முதிர்ந்த புழுவின் படத்தோடு அதை ஒப்பிட்டால் இரண்டும் வேறு இனங்கள் என்றே முடிவு செய்வோம்.

நானும் அப்படி ஏமாந்திருக்கிறேன். செடியில் நான்கு நாட்களாகப் பார்த்துவந்த பச்சைப்புழுக்கள் ஒரு காலை காணாமல் போயின. கீழே காய்ந்த சருகுகளுக்கிடையில் முதுகு கருத்து, பக்கங்கள் பழுத்த இலை நிறத்தில் இருந்த ஒன்று வேகமாக ஊர்ந்துகொண்டிருந்தது. வேறொரு இனம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து, தனிப் பெட்டியில் வைத்து, தவறான பெயரை எழுதி ஒட்டினேன். அது ஓரிலையைக்கூடத் தொடவில்லை. இரண்டாம் நாள் சருகுகளை மெல்லிய நூலால் இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே படுத்தது. பதினைந்து நாட்களுக்குச் சற்றுப் பிறகு ஓரிரவு அதிலிருந்து வந்தது, பச்சையும் இளஞ்சிவப்பும் பளிங்குபோல் படர்ந்த அதே அரளி ஹாக்மாத். கூட்டுப்புழுவாகும் முன் நிறம் மாறும் என்பது நூலில் இருந்தது. நான் படத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்த வரியைப் படிக்கவில்லை.

வளர்த்துப் பார்ப்பது

ஐயம் தீர இதுவே உறுதியான வழி. காற்றோட்டத்துக்கு மெல்லிய துணி கட்டிய அகலவாய்ப் பெட்டி போதும். அடியில் தாள் விரித்து, தினமும் புழுக்கையோடு அதை மாற்றிவிடுங்கள். எந்தச் செடியில் கண்டீர்களோ அதே செடியின் இலைகளையே கொடுக்க வேண்டும்; வேறு இலையில் பல புழுக்கள் பட்டினி கிடந்து சாகுமேயன்றி வாய் வைக்கா. மருந்து தெளித்த செடியின் இலை ஒன்றே எல்லாவற்றையும் கெடுத்துவிடும். புழு தின்பதை நிறுத்தி அலையத் தொடங்கியதும், நான்கு விரற்கடை ஆழத்துக்கு ஈரம் தோய்ந்த மண்ணும் மேலே சருகும் இடுங்கள்; உள்ளே ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள், வெளிவரும் பூச்சி இறக்கையை விரிக்க ஏறி நிற்க இடம் வேண்டும். சில நேரங்களில் பூச்சிக்குப் பதிலாகப் புழுவின் உடலைத் துளைத்துக்கொண்டு அரிசிபோன்ற வெண்கூடுகள் வரிசையாக வெளிப்படும். அவை ஒட்டுண்ணிக் குளவிகளின் கூடுகள். ஏமாற்றமாக இருந்தாலும் அதையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். எந்தப் புழுவில் எந்தக் குளவி என்ற பதிவு பூச்சிப் படங்களைவிட அரிதானது. காப்புக்காடுகளில் அனுமதியின்றி எதையும் எடுத்துவரக் கூடாது. அங்கே படத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எந்த அளவில் பெயரை நிறுத்துவது

கால்களின் அமைப்பு மட்டும் தெரிந்தால் குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். செடியும் சேர்ந்து பொருந்தினால் பேரினம் வரை போகலாம். அந்தச் செடியில், அந்தப் பகுதியில், ஒத்த உருவத்தில் வேறு இனம் இல்லை என்று உறுதியானாலோ பூச்சி வெளிவந்தாலோ மட்டும் இனப்பெயரை எழுதுங்கள். நான் படக்கோப்புகளுக்குப் பெயரிடும்போது, தேதி, ஊர், செடி, நீளம், பிறகே புழுவின் பெயர் என்ற வரிசையில் எழுதுகிறேன். பெயர் தெரியாதபோது அந்தக் கடைசி இடம் காலியாகவே நிற்கும்; களாச் செடியில் எடுத்த ஒரு படம் இரண்டாண்டு அப்படிக் காலியாகக் கிடந்து, அதே செடியில் மறுபடி கிடைத்த புழுவை வளர்த்த பிறகே நிரம்பியது.